கதவைச் சாத்திவிட்டு ஓடியவர்

தீயணைப்பு நிலையத்திலேயே தீப்பிடித்தால் யாருக்குப் போன் செய்வது?

இரண்டு நாளாகத் தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் இதைத்தான் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாவியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் அலுவலகத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு சாயந்திரம் கூட்டம் வெச்சிருக்காங்கம்மா. அவரைப் போலீஸ்ல ஒப்படைக்கணும்னு முடிவு பண்ணப் போறாங்களாம். அவர் பீடியைப் போட்டுத்தான் பத்திக்கிச்சுன்னு ஊரே சொல்லுது. அவர் போனா அந்த ரூமும் போயிடும். கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"பீடி பிடிப்பாரா?" என்று அத்தை கேட்டார்.

"பிடிப்பார். ஆனா அன்னிக்கு மத்தியானம் பிடிக்கல. தூங்கிட்டிருந்தார்."

"வாட்ச்மேன் தூங்கிட்டிருந்தாரா? நல்ல சாட்சி" என்றேன் நான்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு தாகமா இருக்கும்போல. தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்."

வாயை மூடு என்று அர்த்தம். அத்தை என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. மருமகனைத் திட்டுவது மரியாதை இல்லையாம். அதனால் எனக்கு வரவேண்டிய திட்டெல்லாம் மரியாதை வேஷம் போட்டுக்கொண்டு தவறாமல் வந்துவிடும். நான் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது, "வீட்ல சும்மா இருந்தா உங்களுக்கு போரடிக்கும், அம்மாவுக்குத் துணையா இருங்க" என்று என் மனைவி அனுப்பிவைத்தாள். அம்மாவுக்கு ஒரு துணையும் தேவைப்படவில்லை. பெண்கள் விடுதியில் காலமெல்லாம் வார்டனாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். ஜன்னல் ஏறிக் குதித்து சினிமாவுக்குப் போன முந்நூறு பெண்களைப் பிடித்தவருக்குத் திருடனெல்லாம் எம்மாத்திரம்?

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இடுப்பில் தொங்கும் கொத்துச் சாவி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். பழைய தீயணைப்பு நிலையத்துக்கு அவர்தான் காவல். நூறு வயதைத் தாண்டிய கட்டடம் அது. புது நிலையம் பெரிய சாலைக்குப் போனதிலிருந்து இது தெருவுக்குப் பொதுவான கூடமாகிவிட்டது. கீழே கூட்டம் நடக்கும், மாடியில் கேரம் நடக்கும், பின்னாலிருக்கும் ஒற்றை அறையில் சாவியின் குடும்பம் நடக்கும்.

"வாங்க மாப்ளே, கதவைப் பாத்துட்டு வருவோம்" என்று அத்தை எழுந்தார்.

"நெருப்பைப் பாக்க வேண்டாமா அத்தை?"

"நெருப்பு போயிடுச்சு. கதவு இருக்குமே."

கட்டடத்தின் முன்னால் துக்க வீடு மாதிரி கூட்டம். இரண்டு சிவப்புக் கதவுகளும் மேலே மணிக்கூண்டும் அப்படியே இருந்தன. மாடி ஜன்னல்களுக்கு மேலே மட்டும் சுவர் கன்னங்கரேல் என்றிருந்தது. கூரையில் பாதி இல்லை.

சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கல்யாணப் போட்டோவே இந்தக் கதவு முன்னாடிதான் எடுத்தது சார்."

போன மாதம் இதே சலூன்காரர், இதை இடித்துத் தள்ளிவிட்டு வண்டி நிறுத்த இடம் விடவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்தார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது கையெழுத்துக்காரரும் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எரிந்த பிறகுதான் தெருவுக்கே அந்தக் கட்டடத்தின் மேல் பாசம் பற்றிக்கொண்டது.

உண்மையாகவே பாசம் வைத்திருந்தவர் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவின் தலைவி ஒருவர்தான். நல்ல மனுஷி, நிற்காமல் பேசுவார். வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா பாத்துப் பாத்து அழகு பண்ணினேங்க. கதவுக்குப் பெயின்ட், மணிக்குப் பாலிஷ், அந்தப் பழைய மணல் வாளிக்கெல்லாம் சிவப்பு வர்ணம். ஆளுங்க வந்து போட்டோ எடுத்தாங்க. ஒரு பீடியில எல்லாம் போச்சு!"

"பீடின்னு எப்படித் தெரியும்?"

"வேற என்ன இருக்கும்? மின்கசிவுன்னு ஆபீசர் சொல்லிப் பாத்தார். அன்னிக்கு மத்தியானம் தெரு முழுக்க கரண்டே இல்லையே!"

ஆபீசர் என்பவர் இந்த நிலையத்தின் கடைசி அதிகாரி. ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் முதுகு வளையாதவர். அவரும், வண்டி ஓட்டிய டிரைவரும், ஏணியில் ஏறுவதற்கென்றே பிறந்ததால் 'ஏணி' ஆன இன்னொருவரும் தினமும் சாயந்திரம் மாடியில் கேரம் ஆடுவார்கள். எப்படித் தீப்பிடித்தது என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பையும் தெரு ஆபீசரிடமே கொடுத்திருந்தது.

உள்ளே மாடிப்படியின் வழியை மறித்துக்கொண்டு ஒரு மணல் வாளி கிடந்தது. தீயணைத்தவர்கள் நகர்த்திப் போட்டிருப்பார்கள். வாய் வரை மணல். நான் இரண்டு விரலால் கைப்பிடியைப் பிடித்து, அலட்சியமாகத் தூக்கி ஆணியில் மாட்டினேன். அத்தை பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனித்தேன். பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு நல்ல பலம்" என்றார்.

"தினமும் தண்டால் எடுக்கறேன் அத்தை."

"ம்."

மாடிப்படியின் உச்சியில் கனத்த மரக்கதவு திறந்து கிடந்தது. அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்பக்கம் முழுக்கக் கரி. வெளிப்பக்கம் தலைவி அடித்த பச்சைப் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது.

"தீயணைப்பு ஆளுங்க வந்தப்போதான் இதைத் திறந்திருக்காங்க. நெருப்பு எரிஞ்ச நேரம் பூரா இந்தக் கதவு சாத்தியிருந்தது" என்றார். "இது சாத்தியிருந்ததாலதான் கீழ்த்தளம் பிழைச்சுது. ஜன்னலையும் பாருங்க. எல்லாத்திலயும் கொக்கி மாட்டியிருக்கு."

"அப்போ உள்ளே யாருமே இல்லாதப்போ பத்திக்கிச்சுன்னு அர்த்தமா?"

"அங்கே பாருங்க."

அறையின் நடுவில் நான்கு வாளிகள் நெளிந்து, குப்புறக் கிடந்தன. சுவரில் நான்கு ஆணிகள் காலியாக இருந்தன.

"யாரோ அணைக்கப் பாத்திருக்காங்க" என்றேன். "அணைக்க முடியல. ஓடிட்டாங்க."

"ஓடறவங்க என்ன செய்வாங்க மாப்ளே?"

"ஓடுவாங்க."

"கதவைச் சாத்துவாங்களா? போன வருஷம் நம்ம அடுப்படியில துணி பத்திக்கிச்சே, அப்போ நீங்க என்ன பண்ணினீங்க?"

நான் செய்தது எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனை வரைக்கும் போயிருந்தேன். என் மனைவி இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. அந்தப் பேச்சைத் தொடர எனக்கு விருப்பமில்லை.

"இன்னொண்ணு" என்று அத்தை குனிந்து, கரியை ஒரு குச்சியால் கிளறினார். "நாலு வாளியும் காலி. மரம் எரியும், பாய் எரியும், கேரம் போர்டும் எரியும். மணல் எரியுமா?"

"எரியாது."

"அப்போ நாலு வாளி மணல் எங்கே?"

"தண்ணி பீய்ச்சினப்போ அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"கரி போகல. மணல் மட்டும் போயிடுச்சா?" என்று சொல்லிவிட்டு அத்தை கீழே இறங்கிப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனேன். உதவியாளர் வேலையில் பாதி அதுதான்.

சாவி தன் அறை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. பிடுங்கிக்கொண்டார்களாம். அது இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்கம்மா. கீழ்க்கூடத்துல பெஞ்சுல படுத்தேன். கண்ணை முழிச்சுப் பாத்தா வெளியே மரத்தடியில இருக்கேன்."

"நடந்து போனீங்களா?"

"இல்லம்மா. அதே பெஞ்சுல படுத்திருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பெஞ்சு நடந்து போச்சா?"

"இப்படித்தான் சார் எல்லாரும் கேக்கறாங்க. குடிச்சிருந்தேன்னு சொல்றாங்க. சத்தியமா தூங்கத்தான் செஞ்சேன். நான் தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், இவளைக் கேளுங்க."

மனைவி உள்ளேயிருந்து பெருமூச்சு விட்டாள். "கல்யாணத்தன்னிக்கே தூங்கிட்டார்மா."

அத்தை மரத்தடிக்குப் போய் அந்தப் பெஞ்சைப் பார்த்தார். கனமான மரப் பெஞ்சு. ஒரு முனையை என்னைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். தரையைவிட்டு அரை அங்குலம் வந்தது, அவ்வளவுதான். தண்டால் பேச்சை எடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இதுல ஒரு ஆளையும் படுக்கவெச்சு, அலுங்காம வாசல்படி தாண்டி வெளியே கொண்டுவரணும்னா?" என்றார்.

"மூணு பேராவது வேணும். அதுவும் பழக்கப்பட்ட கை..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். "அத்தை! கதவு, ஜன்னல், பெஞ்சு... அந்த மூணு பேரா?"

"சத்தம் போடாதீங்க மாப்ளே. உங்களுக்குச் சளி பிடிச்சிடப் போகுது."

"ஆபீசர்தான் விசாரணையே நடத்தறார் அத்தை! அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கறது?"

"கேக்க வேண்டாம். பழைய துணி கொஞ்சம், ஒரு தகர டப்பா, ஒரு தீப்பெட்டி. கிடைக்குமா?"

சாயந்திரம் கீழ்க்கூடத்தில் நிற்க இடமில்லை. நனைந்த மரத்தின் நாற்றம் குமட்டியது. தலைவி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆபீசர், இரண்டு நாளில் இரண்டு வயது கூடியவர் மாதிரி இருந்தார். டிரைவரும் ஏணியும் சுவரோரமாகத் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். சாவி நடுவில் நின்றார். அவர் மனைவி பிள்ளையை இறுகக் கட்டிக்கொண்டு தூண் பக்கம் நின்றாள்.

"இதுல பேச என்ன இருக்கு? போலீஸைக் கூப்பிடுங்க!" என்று சலூன்காரர் குரல் கொடுத்தார்.

"அவசரப்படாதீங்க" என்றார் ஆபீசர். குரல் எழும்பவில்லை. "பழைய கம்பி... வேற ஏதாவது காரணமாக்கூட..."

"கரண்டே இல்லையே சார்!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதுதான் சைகை. நான் மாடிப்படியின் பாதியில் டப்பாவோடு காத்திருந்தேன். பழைய துணியில் நெருப்பு வைத்து, ஈரத் துணியால் மூடினேன். டப்பாவின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் புகை கிளம்பிக் கூடத்துக்குள் இறங்கியது. பயந்து கத்தும்படி அத்தை சொல்லியிருந்தார். அதில் எனக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

"நெருப்பு! மறுபடியும் நெருப்பு!"

அதற்குப் பிறகு நடந்ததைக் கூட்டம் கலைந்தது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. நாற்காலிகள் உருண்டன. சலூன்காரர் இரண்டாவது கையெழுத்துக்காரரின் மேல் ஏறி வெளியே போனார். தலைவி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் தெரு மொத்தமும் தெருவில் நின்றது.

உள்ளே மூன்று பேர் மட்டும் ஓடவில்லை. டிரைவர் இடது பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினார், ஏணி வலது பக்கம். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீசர் இரண்டே எட்டில் படியேறி, என்னைச் சட்டைக் காலரில் பிடித்து மூட்டைபோல் வெளியே கொண்டுவந்து போட்டார். திரும்பிப் போய் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார், தூணுக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை என்று நிச்சயமானதும் வெளியே வந்து அந்தப் பெரிய சிவப்புக் கதவைச் சாத்தினார்.

திரும்பினால் எதிரில் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே ஈரத் துணிதான் புகையுது. டப்பாவைவிட்டு வெளியே வராது" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இத்தனை பேர் ஓடிவந்தோமே, கதவைச் சாத்தணும்னு யாருக்காவது தோணிச்சா?"

தலைவி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"அன்னிக்கு மாடியில நெருப்புக்குப் பக்கத்துல இருந்தவங்க ஜன்னலை மூடி, கதவைச் சாத்தி, கீழே தூங்கினவரைப் பெஞ்சோட தூக்கி வெளியே வெச்சுட்டுப் போயிருக்காங்க. அது சாவிக்குத் தெரிஞ்ச வேலையா? தூங்கிக்கிட்டே தன்னையே தூக்கிட்டு வந்தாரா?"

ஆபீசரின் கை இன்னும் கதவின் வளையத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தார். மெதுவாக எடுத்தார்.

"நான்தான்" என்றார். "இவங்க மேல தப்பில்ல. நான் சொன்னதைச் செஞ்சாங்க."

"மூணு பேரும்தான்" என்றார் டிரைவர். ஏணி தலையை ஆட்டினார்.

"மாசம் ஒரு தடவை பயிற்சி பண்ணுவோம். கை மறந்துடக் கூடாதுன்னு. தகரத் தட்டுல காகிதத்தைக் கொளுத்தி, மணல் போட்டு அணைப்போம். எத்தனையோ தடவை பண்ணியிருக்கோம். அன்னிக்கு..." ஆபீசர் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு மணலைக் கொட்டினேன், நெருப்பு அடங்கல. கூரை வரைக்கும் ஏறிச்சு. இவங்க மத்த மூணு வாளியையும் கொட்டினாங்க. இன்னும் ஏறிச்சு. போன் பண்ணினதும் நான்தான். மின்கசிவுன்னு முடிஞ்சிடும்னு நினைச்சேன். கரண்ட் இல்லாததை மறந்துட்டேன். ஸ்கூல் ஸ்கூலா போய்த் தீக்குச்சியோட விளையாடாதீங்கன்னு சொன்னவன் நான். எந்த முகத்தோட சொல்வேன்? எனக்குத் தொழிலே மறந்துபோச்சு, ரெண்டு நாளா அதை நினைச்சுத்தான் செத்துக்கிட்டிருக்கேன்."

சாவியின் மனைவி அழ ஆரம்பித்தாள். அது ஆத்திரமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

"இந்த ஆளையா நாம விசாரிக்கச் சொன்னோம்!" என்று சலூன்காரர் துள்ளினார். "போலீஸைக் கூப்பிடுங்க!" அவருக்கு யாரையாவது ஒப்படைத்தால் போதும்.

"இருங்க. நான் இன்னும் முடிக்கல" என்றார் அத்தை. "மாப்ளே, படிக்கட்டுகிட்ட இருக்கற அந்த வாளியை எடுத்துட்டு வாங்க."

உள்ளே போய் டப்பாவைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, இரண்டு விரலால் வாளியைத் தூக்கி வந்தேன்.

"என் மாப்பிள்ளை தங்கமானவர். ஆனா நேத்து ஒரு ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க என் பொண்ணைத்தான் கூப்பிட்டார். அப்படிப்பட்டவர் மணல் நிறைஞ்ச வாளியை ரெண்டு விரல்ல தூக்கறார், பாத்தீங்களா?"

தெரு மொத்தமும் என் விரல்களைப் பார்த்தது. பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றால் வாளி இருந்தது.

"கவிழ்த்துடுங்க."

கவிழ்த்தேன். முதலில் ஒரு பிடி மணல் விழுந்தது. பின்னாலேயே பொதபொதவென்று வந்ததெல்லாம் மரத்தூள். காய்ந்து சலசலத்த மரத்தூள். காற்றில் கொஞ்சம் பறந்து சலூன்காரரின் மீசையில் ஒட்டியது.

"மணல் எரியாது. மாடியில ஒரு பிடி மணலைக்கூடக் காணோமேன்னு காலையிலேயே கேட்டேன்" என்றார் அத்தை. "இதைத்தான் இவங்க நெருப்பு மேல கொட்டியிருக்காங்க."

தலைவியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ... ஆணி தாங்கல. புதுசா பெயின்ட் அடிச்ச சுவர், கனத்துல ஆணி பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. பாக்கறதுக்குத்தானே, யார் தொடப் போறாங்கன்னு மரத்தூளைப் போட்டு, மேலாக்க மணலைத் தூவினேன்... என் கட்டடத்தை நானே..." வெறுங்காலோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது யாரைப் போலீஸில் கொடுப்பது என்று சலூன்காரருக்கே குழப்பம்.

"நெருப்பு வெச்சது உங்க தப்பு" என்று அத்தை ஆபீசரிடம் சொன்னார். "இன்னொருத்தர் பழி சுமக்கறப்போ வாயை மூடிட்டிருந்தது அதைவிடப் பெரிய தப்பு. ரெண்டுக்கும் நீங்கதான் போய்ப் பதில் சொல்லணும். ஆனா நெருப்பு அடங்காதது உங்க தப்பில்ல. தொழிலை நீங்க மறக்கல."

ஆபீசர் அந்த மரத்தூள் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"தூக்கினப்பவே கனம் இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சுது. மணல் வாளியோட கனம் எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நேரத்துல என்ன தோணிச்சு தெரியுமா? பரவாயில்லையே, நமக்கு இன்னும் உடம்புல பலம் இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

"எனக்கும் அப்படித்தான் சார் தோணிச்சு" என்றார் ஏணி, சன்னமான குரலில். டிரைவர் மேலே மணிக்கூண்டைப் பார்த்தார். அவருக்கும் தோன்றியிருக்கிறது.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஆபீசர் சாவியின் எதிரில் போய் நின்று கைகூப்பினார். "மன்னிச்சிடுப்பா. நாளைக் காலையில முதல் வேலையா மூணு பேரும் போய் நடந்ததை எழுதிக்கொடுத்துடறோம். என்ன தண்டனையோ ஏத்துக்கறோம்."

"என்னை வெளியே கொண்டுவந்து போட்டீங்களே சார், அது போதும்" என்றார் சாவி. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா குடிச்சிருந்தேன்னு சொன்னவங்க எல்லாரும் இப்ப சொல்லணும். நான் தூங்கத்தான் செஞ்சேன்!"

"தூங்கத்தான் செஞ்சீங்க" என்று தெரு ஒப்புக்கொண்டது. வேலை நேரத்தில் தூங்கியதற்காக ஒரு மனிதன் அவ்வளவு பெருமையாக நின்றதை நான் பார்த்ததில்லை. தலைவி எழுந்து வந்து, கைப்பையைத் துழாவி, சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது இடுப்பில் ஏறிய சத்தத்தைக் கேட்டுப் பிள்ளை சிரித்தது.

இருட்டுவதற்குள் யாரோ ஒரு வண்டி மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தலைவியே குனிந்து வாளியை நிரப்பினார். இந்தத் தடவை அடியிலிருந்து மணல்.

"மாப்ளே" என்றார் அத்தை, வெகு மரியாதையாக, "அதைக் கொஞ்சம் ஆணியில மாட்டிடுங்களேன்."

இரண்டு விரலை நீட்டிக்கொண்டு போனேன். இரண்டு கையாக்கினேன். வாளி முழங்காலைத் தாண்டவில்லை. தெருவில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவும் தைரியமில்லை. அப்போது பக்கத்தில் இன்னொரு கை வந்து கைப்பிடியைப் பிடித்தது. ஆபீசர்.

"ரெண்டு பேரா தூக்குவோம் தம்பி" என்றார். "கனமாத்தான் இருக்கு."